சுமப்பவள்

ஹல்லா வாயைத் திறக்க மறுக்கிறாள்.
குச்சியின் பஞ்சுமுனை
கன்னத்தின் உட்புறம் முப்பது விநாடி உருள வேண்டும்.
அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே
எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள் என்கிறது
ஹெல்சிங்கியிலிருந்து வந்த தாள்.
அவளோ சற்றுமுன் திருடிய மீன்தலையின் வாசத்தோடு
என்னையே பார்க்கிறாள்.
சரி, நாளைக்கு.

இடுப்பெலும்பு ஏற்கெனவே ஆயிற்று.
ரௌனி டாக்டர் ஊசி போட்டதும் நாக்கு ஒருபக்கம் சரிய
பின்னங்கால்களை நீட்டிப் படமெடுக்கும் மேசையில் கிடந்தாள்.
"குழிக்குள் பந்து ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது."
நான் மூச்சு விட்டேன்.
பாதி மூச்சு.

அவுலிஸ் சிரித்தான்.
"என் துய்ஸ்கு மான்மந்தையை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறாய்.
அதற்குமேல் என்ன காகிதம்?"
எத்தனை மான் என்று இங்கே யாரையும் கேட்கக் கூடாது,
அடுத்தவர் சட்டைப்பையில் கைவிடுவது போல.
நாயைப் பற்றியும் நாங்கள் அப்படித்தான்
கேட்காமலே இருந்துவிட்டோம்.
துய்ஸ்கு அழகன்.
குரைத்தால் ஏரியின் அக்கரை திரும்பிப் பார்க்கும்.
என் பில்வியின் மகன்.

பில்வியைச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் பிறந்ததும் போகிற சூரியன்
ஜனவரியில்தான் வரும்.
அதுவரை எல்லோருமே தடவித்தான் நடக்கிறோம்.
இருட்டில் முதலில் அவியும் கண்ணை
இருட்டு காட்டிக்கொடுக்கவில்லை.
கோடையிலோ இருட்டே கிடையாது,
நள்ளிரவிலும் வெயில்,
வெளிச்சத்தில் அவளுக்குத் தெரிந்தது.
இப்படி இரண்டு குளிர்காலம், இரண்டு கோடை
இந்த ஊரே சேர்ந்து அவளை மறைத்தது.
பிறகு ஒரு மார்ச் மாதம், பட்டப்பகலில்,
பனி கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தில்
வேலிக்கம்பியில் போய் மோதினாள்.
மோதிவிட்டு வாலாட்டினாள்,
கம்பியைப் பார்த்து.

அதற்குள் ஆறு குட்டிகள், ஆறு வீடுகள்.
நான் பேச வேண்டிய தொலைபேசி ஆறு.
ஐந்து பேசினேன்.

ஆறாவது வீட்டு விளக்கு
என் சமையலறை ஜன்னலில் தெரியும்.

குவோப்பியோவில் வாங்கினேன் ஹல்லாவை,
வேறு ஊர், வேறு இரத்தம்.
அவள் தூயவள் என்று வந்துவிட்டால்
துய்ஸ்குவோடு சேர்க்கலாம், ஒரு குட்டிக்கும் கண் போகாது,
நானும் வாயைத் திறக்க வேண்டியதில்லை.
இதற்காகத்தான் பரிசோதனை.
நல்ல காரியத்துக்குள்
இவ்வளவு கோழைத்தனம் ஒளிந்துகொள்ளுமா?
ஒளிந்துகொள்ளும், தாராளமாக.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது.
சுமப்பவள்.
இன்னும் சினையாகாத என் நாய்க்கு
அப்படியொரு சொல்.
அவள் கண் போகாது, கடைசிவரை முயலைப் பார்ப்பாள்.
தருவாள், அவ்வளவுதான்.
வாங்குபவனும் சுமந்துகொண்டிருந்தால்
நாலில் ஒன்று என்கிறது கணக்கு.
குட்டிகளுக்குக் கணக்குத் தெரியாது.
நாலுமே அதுவாகலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம்,
ஐந்து வருடம் கழித்து எதோ ஒரு ஊரில்
எதோ ஒரு வேலிக்கு வாலாட்டலாம்.

"ஹல்லாவை ஒதுக்க வேண்டாம்" என்றார் ரௌனி.
"தூய ஆணாகப் பார்.
எல்லைக்கு அப்பால், நார்வேயில் ஒருவன் இருக்கிறான்.
ஏழு மணி நேர ஓட்டம்."
பிறகு கேட்டார்:
"துய்ஸ்குவின் தகப்பனைச் சோதித்தார்களா?"
இல்லை.
தாயிடமிருந்து ஒன்று அவனுக்கு நிச்சயம்.
தகப்பனிடமிருந்தும் வந்திருந்தால்?

ஆறு வயது அவனுக்கு.
வெளியே நவம்பர்.
மந்தையின் பின்னால் அவன் ஓடும் ஒவ்வொரு மாலையும்
முந்திய மாலையைவிடக் கறுப்பு.

மிச்சமிருந்த உறையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.
உள்ளே இரண்டு குச்சி, ஒரு தாள்.
இருநூறடிதான் அந்த வீடு.
பனி முழங்கால்வரை இருக்கிறது, அது சாக்காகாது.

கதவைத் திறந்த அவுலிஸுக்குப் பின்னால்
துய்ஸ்கு தலையை நீட்டினான்.
என் கையை மோந்தான்.
கண்ணைப் பார்த்தான்.
பார்த்தானா என்று பார்த்தேன்.

"காப்பி இருக்கிறது" என்றான் அவுலிஸ்.

"அவனுக்குச் சாப்பாடு வைத்து
எவ்வளவு நேரமாயிற்று?" என்றேன்.