ஆறாவது கேள்விக்கு

உங்கள் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டு கேள்விகள்.
முதல் ஐந்துக்கும் ஒரே பதில்: தெரியாது.
ஒட்டோமார் கெலிங் எங்கே பிறந்தார்,
யாரிடம் தொழில் பழகினார்,
போருக்குப் பிறகு ஏன் மூன்று வருடம் படமெடுக்கவில்லை,
இரண்டாவது மனைவி ஏன் போனாள் –
எனக்குத் தெரிந்தது பதினொரு நாள்.
ஐம்பத்து மூன்றாம் ஆண்டு, ஆடி மாதம்,
கச்சான் காற்று மணலை அள்ளிக்
கண்ணில் போட்ட நாட்கள்.

நான் டொக்யாட்டில் தட்டெழுத்துக்காரி.
கயிறு இத்தனை பாகம், தார் இத்தனை பீப்பா.
உங்கள் நடிகை லீடியாவிடம்
முகத்தில் பூச மண்ணிறம் இருந்தது,
கடலில் இறங்கத் துணிவில்லை.
ஒக்கர்ஸ் வந்து சொன்னான்:
'முதுகு மட்டும் வேணுமாம். நாளுக்கு ஏழு ரூபாய் ஐம்பது சதம்.'
முகத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
சிரித்தான். மொழிபெயர்க்கவில்லை.

டச்சு வளைகுடா. காலை ஆறரை.
மாடுகளை அவிழ்த்துவிட்டு
வண்டியில் கமராவைக் கட்டியிருந்தார்கள்.
நான் கழுத்தளவு வரை நடக்க வேண்டும்,
திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுதான் கதையாம்:
புருசன் கூப்பிடுகிறான், அவள் திரும்புவதில்லை.
நடந்தேன். கரையேறினேன். காய்ந்தேன். மறுபடி.
நான்கு காலைகளில் பத்தொன்பது தடவை.

கோட்டை மான்கள் இரண்டு படத்துக்குள் வந்தன.
பெடியன்கள் விரட்ட ஓடினார்கள்.
அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.
'அதுகளுக்குச் சம்பளம் இல்லை' என்றான் ஒக்கர்ஸ்.

குணம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்பதாவது.
சத்தம் போடமாட்டார். சீனியில்லாத தேத்தண்ணி.
இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டுதான் கடலைப் பார்ப்பார்.
ஒன்று சொல்கிறேன், எழுதுவதா விடுவதா
நீங்களே பாருங்கள்:
டொக்யாட் சங்கு பன்னிரண்டுக்கு ஊதும்.
ஊருக்கு அது சோற்று நேரம்.
முதல் நாள் அது ஊதியபோது
அந்த ஆறடி மனிதர் மணலில் குப்புற விழுந்து
தலையைக் கைகளால் பொத்திக்கொண்டு கிடந்தார்.
வண்டிக்காரன் மட்டும் சிரித்தான்.
எழும்பினார். மணலைத் தட்டினார்.
'மறுபடியும்' என்றார்.
தமிழில் அந்த ஒரு சொல்லைத்தான் பழகியிருந்தார்.
அடுத்த நாளிலிருந்து பதினொன்றே முக்காலுக்குக்
காதில் பஞ்சு.
முகம் மட்டும் காத்துக்கொண்டிருக்கும்.

இனி ஆறாவது.
படத்தில் அவள் திரும்புகிறாள், ஒன்றரை நொடி.
அது லீடியாவின் முகம் இல்லை.
பேராசிரியர்கள் எழுதியிருக்கிறார்களாம்:
உடைந்த ஐரோப்பாவின் முகம் என்று ஒருவர்,
மரணம் என்று இன்னொருவர்.

ஐயா, அது சொறி.
பதினேழாம் தடவை, இடது கெண்டைக்காலில்
நெருப்புக் கயிறாகச் சுற்றியது.
'அம்மா' என்று கத்திக்கொண்டு திரும்பினேன்.
சத்தம் பிடிக்கும் பெட்டி அன்றைக்குப் பழுது.
உதுமாலெவ்வை தோணியில் வந்து
என்னைத் தூக்கிக் காலில் காடி ஊற்றினார்.

ஏன் திரும்பினேன் என்பதற்கு இவ்வளவுதான்.
அதை ஏன் வெட்டாமல் வைத்தார் என்பது வேறு.
அதற்குப் பிறகும் இரண்டு தடவை
பிழையில்லாமல் நடந்து கொடுத்திருக்கிறேன்.
அவை அவரிடம் இருந்தன.
நான் திரும்பியபோது கண்ணை மூடிய கை
கீழே தொங்கியது.
இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தார்,
சங்குக்குக் காத்திருக்கும் அதே முகத்தோடு.
'நிறுத்து' என்று சொல்லவில்லை.

மற்றக் கேள்விகளுக்குத் தாள் போதாது.
படம் இங்கே வரவில்லை, நான் பார்க்கவில்லை.
உங்கள் ஆய்வில் நிறத்துக்கு இடமிருந்தால் எழுதுங்கள்:
சேலை நீலம். கறுப்பு வெள்ளையில்
தெரிந்திருக்காது.
என்னுடையது. துவைத்துத் தருவதாகச் சொன்னார்கள்,
கப்பலோடு போய்விட்டது.