பதினோராவது வரி

குவோபியோவில் டிசம்பர் என்றால்
இரண்டரை மணிக்கே விளக்கு.
எட்டாம் வகுப்பின் மேசைமேல் ஒரு மரப்பெட்டி,
மூன்று இலக்கப் பூட்டு,
உள்ளே உப்பும் கசப்புமாய் ஒரு கிலோ கறுப்பு மிட்டாய்.

விதிகளை நான்தான் எழுதினேன். ஆறு.
கைபேசி கூடாது.
எழுத்துகளை நகர்த்தலாம், கலைக்கக் கூடாது.
இடைவெளி விடாமல் ஐந்தைந்தாய் வெட்டி எழுது.
மற்றவை எனக்கே மறந்துவிட்டன.
கேக் பெட்டி அட்டையில் இரண்டு வட்டம் வெட்டி
நடுவில் குண்டூசி குத்தினோம்.
இருபத்தொன்பது எழுத்தும் சுற்றிச் சுற்றி வரும்.

இந்த வாரம் பூட்டுவது ஃபில்ஸனின் முறை.
அவள் தந்த தாளில் இருபத்து மூன்று எழுத்து.

உர்ஹோ எண்ணினான்.
'எல்' மட்டும் ஒன்பது தடவை.
"இத்தனை தடவை வருவது 'ஆ'வாகத்தான் இருக்கும்"
என்று சக்கரத்தைப் பதினொன்று தள்ளினான்.
போன மாதம் நான் சொன்னதுதான்:
அதிகம் வருவதைப் பிடி,
மற்றவை வால் பிடித்து வரும்.

வால் வந்தது. மாடு வரவில்லை.

ஹில்யா எழுத்தெழுத்தாய்ப் படித்தாள்,
நாக்கு இடறியது.
"டபிள்யூ! நம் சொல்லில் டபிள்யூவுக்கு என்ன வேலை?"
அளவுகோல் வைத்து
பதினோராவது வரியை நீல மையால் அடித்தாள்.

அப்போது ஃபில்ஸன் தன் ஸ்வெட்டர் கையைக்
கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.
பசி என்று நினைத்தேன்.

பிறகு ஒன்றிலிருந்து இருபத்தெட்டு வரை
எல்லா வரியும் எழுதிப் பார்த்தார்கள்.
துயிஸ்கு தலைகீழாகப் படித்தான்.
யாரோ கண்ணாடியில் காட்டினார்கள்.
ஒருவன் பெட்டியைக் குலுக்கிக் காது வைத்தான்,
விதியில் அதற்குத் தடையில்லை.
நானும், வெட்கத்தை விட்டு,
ஒரு தாள் எடுத்து உட்கார்ந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே பனி வாரும் வண்டி
மூன்று முறை போய் வந்தது.

மணி அடிக்க நான்கு நிமிடம்.
"தோற்றோம்" என்றான் உர்ஹோ, பூட்டைப் பார்த்து.

ஃபில்ஸன் எழுந்து வந்தாள்.
அடித்த வரியின் மேல் விரல் வைத்து வாசித்தாள்,
தண்ணீர் கேட்பதுபோல அத்தனை சாதாரணமாய்:
ஃபுருஹு வா அஃபர் ஸகால் லபா.
சாவி: நான்கு, ஒன்பது, இரண்டு.

பூட்டு 'டக்' என்றது.

"ஏமாற்று!" உர்ஹோ விதித்தாளைப் பிடுங்கினான்.
மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்.
எந்த மொழியில் என்று ஆறு விதியும் சொல்லவில்லை.
சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.
மூன்று வருடமாய் அவள்
மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறாள்.

"நீங்கள் உடைத்துவிட்டீர்கள்," என்றாள்,
"முதல் ஐந்து நிமிடத்திலேயே.
உடைத்தது உங்களுக்குத் தெரியவில்லை."

இதில் சாவி எந்தச் சொல் என்று கேட்டாள் ஹில்யா.
முதல் சொல். 'ஃபுர்' என்றால் திற.
அதிலிருந்துதான் திறவுகோல்.
ஹில்யா சற்று நேரம் பேசவில்லை.
"எங்களுக்கும் அப்படித்தானே," என்றாள் மெல்ல,
"அவா, அவைன்."

ஏழாவது விதி வேண்டுமா, கை தூக்குங்கள் என்றேன்.
ஒரு கையும் எழவில்லை.
எல்லாக் கையும் பெட்டிக்குள் இருந்தது.
அடுத்த வாரம் பூட்டுவது உர்ஹோ;
இப்போதே ஃபில்ஸனிடம்
ஐந்துக்கு என்ன, ஆறுக்கு என்ன என்று
நச்சரிக்கத் தொடங்கிவிட்டான்.
அவளோ முகம் சுளித்து
மிட்டாயைக் காகிதத்தில் துப்புகிறாள்.

எல்லோரும் போன பின்
ஹில்யா மட்டும் நின்று
பதினோராவது வரியின் கோட்டை
அழிப்பானால் தேய்த்துப் பார்த்தாள்.
மை அல்லவா, தாள்தான் தேய்ந்தது.
கோட்டின் அடியில் எழுத்துகள்
முதலிலிருந்தே படிக்கும்படிதான் இருந்தன.