மூன்றடிக் கோடு

அரண்மனை மைதான வாசலில்
மூன்றடிக்கு மேல் போனால் டிக்கெட்.
முழங்காலைக் கொஞ்சம் மடி என்றேன்;
மடித்தாள் அவனி.
"எஷ்டு வயசு?"
விரலை விரிக்கப் போனவளின் கையை
இவர் பிடித்துக்கொண்டார்.

அறுபது ரூபாய் மிச்சம்.
அதில் டெல்லி அப்பளம் வாங்கினோம்,
அதையும் தம்பி
மே மாத மழைக்கு நீட்டிக்கொண்டே நடந்தான்.

டிராகன் ரயிலிலும் அதே கோடு.
எட்டாதவர்கள் ஏறக் கூடாது.
குதிகாலைத் தூக்குடி என்றேன்.

ஒருமுறை என்னைப் பார்த்தாள்.
தூக்கவில்லை.
சேற்றில் இரண்டு பாதமும் பதிய
நேராக நின்றாள்.
கோட்டுக்கு மேலே இருந்தது
நெற்றிப்பொட்டு.

ரயில் எங்களைக் கடந்த ஒவ்வொரு சுற்றிலும்
கம்பியை விட்டுவிட்டு
நாலு விரலைக் காட்டினாள்,
வாசல் இருந்த பக்கமாக.