விரும்பிய விலங்கு

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை, இரவு பதினொன்று இருபது.
கீழே மெருகு எந்திரம் நின்றுவிட்டது.
மேலே கோட்டை எரிந்துகொண்டிருக்கிறது.

கோட்டை என்பது சேலை டிசைன் போடும் கட்டக் காகிதம்.
தீ, சிவப்பு ஸ்கெட்ச் பேனா.
எதிரிகள் பதினேழு புளியங்கொட்டைகள்.
நம்மவர் நான்கு சட்டைப் பொத்தான்கள்,
அதில் இரண்டு ஏற்கெனவே குப்புறக் கிடக்கின்றன.

"அழைக்கிறேன்" என்றாள் நிரோஷா.
மிச்சமிருந்த ஒரே மந்திரம்.
ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட விதிப்புத்தகம்,
நாற்பத்தொன்றாம் பக்கம், என் கையெழுத்து:

விரும்பிய விலங்கு வந்து நிற்கும்.
ஒரு நாழிகை இருக்கும். சொல் கேட்கும்.

"கரடி. ரெண்டு ஆள் உயரத்துக்கு."
"இரும்மா" என்றார் தஸ்தகீர்.
அஸ்தம்பட்டி கோர்ட்டில் ஜூனியர்,
கால்புள்ளிக்கும் வாய்தா கேட்பவர்.
"விரும்பிய விலங்கு. சரி.
விரும்பியது யாரு?"
"நான்தான்."
"அப்படி எங்கே போட்டிருக்கு?
நீ விரும்பிய விலங்கா,
வர விரும்பிய விலங்கா?
எழுவாயைக் காணோமே."

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
நான்தானே எழுதினேன்,
மூன்று வருஷத்துக்கு முன், ஏற்காடு பஸ்ஸில்,
ஒன்பதாம் வளைவுக்கும் பத்தாவதுக்கும் நடுவே,
முழங்காலில் நோட்டை வைத்து.
எழுத்து கோணிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது.
என்ன நினைத்தேன் என்பது இல்லை.

"எழுதினவருக்கு இங்கே ஓட்டு கிடையாது" என்றார் தஸ்தகீர்,
என் முகத்தைப் பார்த்து,
கொஞ்சம் கருணையோடு.

இரும்பாலையில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்த பிரான்சிஸ்:
"சாகறதோ ஜெயிக்கறதோ, விடியறதுக்குள்ள முடிங்க.
கரடின்னே வெச்சுக்கலாம்."
கோகுலவாணன்,
தட்டுவடை செட்டின் சட்னியை விரலால் வழித்தபடி:
"இன்னிக்குக் கரடி குடுத்தா
அடுத்த வாரம் யானை கேப்பா."
"ஒரு கதவு திறக்கும்னு எழுதினதை வெச்சு
நீ கஜானாவையே திறக்கலையா?"
"அதுவும் கதவுதானே?"

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாழிகை வாதம்.
ஆட்டத்தில் ஒரு மூச்சு நேரம்.
தீ வைத்த இடத்திலேயே நின்று
எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் நிரோஷாவே புத்தகத்தை மூடினாள்.
"சரி. வர விரும்பினதே வரட்டும்.
ஆனா யோசிச்சுச் சொல்லு.
எரியற கோட்டைக்கு,
தோக்கப் போற நாலு பேர்கிட்ட,
எது ஆசைப்பட்டு வரும்?"

அதற்கு என்னிடம் அட்டவணை இல்லை.
கரடி வராது, இது பலாப்பழக் காலம்.
காட்டெருமைக்குத் தன் மந்தை.
புலிக்கு எங்களிடம் என்ன பாக்கி?
ஸ்வீட் டப்பா அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டினேன்.
விழுந்த எண்ணைப் பார்க்கவில்லை.
சட்டைப் பையில் ஒரு மிளகு கிடந்தது,
போன வாரம் மலையில்
யாருடைய வேலியிலோ பறித்தது.
அதை எடுத்துக் கட்டத்தில் வைத்தேன்.

"எறும்புதின்னி.
வந்தது. தீயைப் பார்த்தது.
பயந்து சுருண்டுகொண்டது.
ஆனால் போகவில்லை."

யாரும் சிரிக்கவில்லை.
பிறகு பிரான்சிஸ் ஆரம்பித்துவைக்க
பட்டறை நாய் குரைக்கும்வரை சிரித்தோம்.

"சொல் கேட்குமா?"
"கேட்கும்" என்றார் தஸ்தகீர். "காது இருக்குல்ல.
கேட்டபடி நடக்கும்னு எங்கேயும் எழுதலை."

நிரோஷா தன் பொத்தானை எடுத்தாள்.
வாசல் பக்கம் நகர்த்துவாள் என்று நினைத்தேன்;
தப்பிக்க மூன்று கட்டம்தான்.
மிளகுக்கும் தீக்கும் நடுவில் வைத்தாள்.
"இங்க நிக்கறேன்" என்றாள்.

ஒன்றே முக்காலுக்குத் தோற்றார்கள்.
பிரான்சிஸின் பைக் இரண்டு உதையில் கிளம்பியது.
புளியங்கொட்டைகளை எண்ணிப் போட்டேன், பதினாறுதான் இருந்தன.
பொத்தான்களை டப்பாவில் போட்டேன்.
மிளகை எடுக்கக் கை வரவில்லை.
நாழிகை எப்போதோ முடிந்திருக்கும்.
விரும்பி வந்ததைப் போ என்று சொல்ல
நான் மந்திரம் எதுவும் எழுதவில்லை.

பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டதோ என்னவோ,
படியில் பாதி இறங்கிய தஸ்தகீர்
அங்கிருந்தே சொன்னார்:
"அந்த எழுவாயை எழுதிக்கிழுதி வெச்சுடாதே."