மேல்வரி, கீழ்வரி

ரீகாவில், டெர்பாட்டாஸ் தெரு அரங்கில், ஒன்பது பேர்.
ஹீட்டர் பழுது. யாரும் கோட்டைக் கழற்றவில்லை.
திரையில் ஒருவன்
நாக்கடியில் பச்சைச் சொட்டு விடுகிறான்.
விழிக்கும்போது முகம் வேறு.
கதவைத் தட்டுபவனும் அவன்,
'யாரது?' என்று உள்ளிருந்து கேட்பவனும் அவன்,
திறப்பதற்குள் காட்சி செவ்வாய்க் கிரகத்தில்.
அங்கேயும் வாடகை பாக்கி.

பேசுவது என்ன மொழியோ.
மேலே லாத்விய எழுத்து, கீழே ரஷ்ய எழுத்து.
மேல்வரி 'நான் கொன்றேன்' என்கிறது,
கீழ்வரி 'அவன் கொன்றான்' என்கிறது.
இரண்டும் படிக்கத் தெரிந்தது என் கெட்ட காலம்.

பக்கத்தில் தம்பி காட்டிஸ்.
மாத்திரையை விட்டுப் பதினோரு மாதம் நாலு நாள்.
கணக்கு என்னுடையது, அவன் எண்ணுவதில்லை.
படத்தில் அந்த ஆள்
தன் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்து
பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கிற இடத்தில்
காட்டிஸ் சிரித்தான்.
வேறு யாரும் சிரிக்கவில்லை.

டிராமில் கேட்டேன்:
"கடைசியில் செத்தது எவன்?"
"இல்ஸே, நீ தலைகளை எண்ணுகிறாய்" என்றான்.
அதுவும் விளங்கவில்லை.

பாலம் ஏறும்போது பரிசோதகர் வந்தார்.
இவன் சீட்டைப் பதிந்திருக்கவில்லை.
"பெயர்?"

கீழே டௌகவாவில் ஒரு பனிப்பாளம்
தூணில் முட்டி,
அரைவட்டம் திரும்பி,
நழுவிப் போயிற்று.

அதற்கப்புறம்தான் சொன்னான்.
சரியான பெயர்தான்.
என்னை யாரும் கேட்கவில்லை,
ஆமாம் என்று தலையாட்டினேன்.