பின் சில்லு, இடது

மூன்று கிழமையாகக் கத்துகிறது என் ஆல்ட்டோ.
தேங்காய் முடிந்தது தெரியாமல்
சிரட்டையைத் திருவினால் வருமே, அந்தச் சத்தம்.
முதலில் காலையில் மட்டும்,
பிறகு பெரியகல்லாற்றுப் பாலம் இறங்கும்போது,
பிறகு ஒவ்வொரு படலையிலும்.

ஈரம் என்றேன். கடற்காற்று என்றேன்.
ரேடியோவைக் கூட்டி வைத்து ஓடினேன்.
ஒருநாள் ஓட்டத்திலேயே ஹேன்ட் பிறேக்கை
ஒரு பல் இழுத்துப் பார்த்தேன்:
சத்தத்தின் குரல் மாறியது.
அப்போ பின்னாலதான்.

மருதமுனையில் ஹில்மியின் கராஜ்.
அவர் ஓட்டிப் பார்த்தபோது
கார் வாயே திறக்கவில்லை.
"மிஸ் ஓட்டுங்க, நான் டிக்கிக்குள்ள இரிக்கன்.
இடதெண்டா ஒரு தட்டு, வலதெண்டா ரெண்டு."

மடங்கிப் படுத்தார். மூடியைப் பாதி திறந்து கயிற்றால் கட்டினான் பொடியன்.
பாண்டிருப்பு வரைக்கும்
டிக்கிக்குள் ஓர் ஆளை வைத்துக்கொண்டு ஓட்டினேன்.
இந்த ரோட்டில், வேறொரு வருடத்தில்,
இது சிரிக்கிற வசனமாக இருந்திருக்காது.
அதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.
டியூஷன் விட்டு வந்த பிள்ளைகள்
சைக்கிளில் கூடவே வந்து அவருக்குக் கை காட்டினார்கள்.
பிறேக் மிதித்தேன்.
ஒரு தட்டு.

ஜக்கில் ஏற்றிச் சில்லைக் கழற்றினால்
ட்ரம் வரமாட்டேன் என்றது.
சுத்தியலுக்கும் மசியவில்லை.
அதன் முகத்திலேயே இரண்டு துளை இருக்கிறது;
இரண்டு போல்ட்டை விட்டு மாறி மாறி முறுக்க
உப்புப் பிடித்த துரு டக்கென்று விட்டது.
உள்ளே கரித்தூள், கொஞ்சம் கடல் மண்.
ஒரு ஷூவில் பாதி லைனிங்.
மற்றதில் ரிவெட்டுகளின் தலை மட்டும்,
தேய்ந்து தேய்ந்து கண்ணாடி மாதிரி.

"கேபிள் இறுகிப் பெய்த்து மிஸ்.
நீங்க விட்ட. அது விடல்ல."

எத்தனை மாதம் பிடித்தபடியே ஓடியிருக்கிறேன்,
பெற்றோல் குடிக்கிறது என்று காரைத் திட்டிக்கொண்டு.

புதுக் கேபிள். ஷூ இரண்டு பக்கமும்.
தட்டில் ஷூ உரசும் ஆறு இடத்திலும்
பட்டாணி அளவு கிறீஸ்.
பல்லுச் சக்கரத்தை ஸ்குரூ ட்றைவரால் நெம்பி
சில்லைக் கையால் சுற்றிக் காதைக் கொடுத்தார்.
மெல்ல உரச வேண்டுமாம்.
உரசாமலே சுற்றினால் அதுவும் பிழையாம்.
பதினாறாயிரத்து நானூறு. நானூறை விட்டுத் தந்தார்.

இனித்தான் விஷயம்.
நான் கிழமைக் கடன் அறவிடுகிறவள்.
செவ்வாய்க்கிழமை துறைநீலாவணை.
ரதிமலர் வீட்டுப் படலையில்
கார் நின்றது எனக்கே தெரியவில்லை.
முற்றத்தில் இருந்தாள், திருவலையில்,
முறித் தேங்காய் கையில்.
"மிஸ், சத்தம் கேக்கல்லயே" என்றாள்
என்னைப் பார்க்காமல், பின்கதவைப் பார்த்து.

உங்கட பகுதியில மட்டும் ஏன் இவ்வளவு நிலுவை என்று
மனேஜர் போன கிழமை கேட்டதும்,
வீடு வீடாக அடுப்பு எரிய
ஆள் மட்டும் இல்லாமல் இருந்ததும்
அப்போதுதான் விளங்கியது.
இந்த ஒழுங்கையின் நாய்கள்கூட
என் இடது பின் சில்லை அறிந்திருக்கின்றன.

ஆயிரத்து நூற்றைம்பதுக்கு முந்நூறு தந்தாள்,
சீனி டின்னுக்குள் இருந்து.
முந்நூறு என்று எழுதினேன்.
கையெழுத்துக்குப் பக்கத்தில்
தேங்காய்ப் பால் விரல் ஒன்று பதிந்து காய்ந்தது.

அடுத்தது குலநாயகி வீடு.
ஐம்பது யார் இருக்கும்போதே
ஹோனை அழுத்தினேன். விட்டு, மறுபடியும்.
வேலியில் இருந்து காகம் எழும்பியது.
பின்பக்கம் ஒரு கொண்டி விழும் சத்தம்
தெளிவாகக் கேட்டது.

பிறேக் மிதித்தேன்.
நல்ல பிறேக்.