இடப்பக்க இழுவை

ஸ்டீரிங்கில் ஆடுதா, சீட்டில் ஆடுதா?
முதலில் அதைச் சொல்லுங்கள் என்றேன்.
கையில் ஆடினால் முன்சக்கரம்,
இடுப்பில் ஆடினால் பின்சக்கரம்,
பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் என்றால்
அது வேறு கதை, வேறு விலை.

மங்களேஸ்வரி யோசித்தார்.
"பல்லில் ஆடுது" என்றார்.

எண்பத்தெட்டாம் வருடத்துச் சன்னி.
பாடாங் செராயில் இதே வெளுத்த தேநீர் நிறத்தில்
இன்னும் மூன்று ஓடுகின்றன,
ஒன்றில் கோழி போகிறது.
இவருடையதில்
தோட்டத்துக் கிளினிக்கின் சாவிக்கொத்தும்
இருமல் மருந்து வாசனையும்.

எண்பது வரை சாது.
தொண்ணூறில் பேய் ஏறும்.
நூற்றுப் பத்தில் எதுவுமே நடக்காததுபோல்
முகத்தைத் துடைத்துக்கொள்ளும்.
டயர் கடையில் மூன்று முறை பேலன்ஸ் பார்த்தாயிற்று;
ரிம் ஓரமெல்லாம் ஈயக்கட்டிகள்,
காது முழுக்கத் தோடு குத்தியதுபோல.

கூலிம் நெடுஞ்சாலையில் நானே ஓட்டினேன்.
எண்பத்தாறு. எண்பத்தெட்டு.
ரேடியோவை அணைத்தேன்.
தொண்ணூறில்
கண்ணாடியில் தெரிந்த லோரி
இரண்டு லோரி ஆயிற்று.
பிரேக்கைத் தொட்டேன்.
மூக்கு இடப்பக்கம் திரும்பியது,
கள்ளுக்கடையைக் கண்ட கால் மாதிரி.

ஜாக்கில் ஏற்றி
டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டினேன்.
உள்ளிருந்து வெளியே வழவழப்பு.
வெளியிலிருந்து உள்ளே ரம்பம்.
கண்ணுக்கு ஒன்றும் தெரியாது,
தோலுக்குத் தெரியும்.
பாரையைக் கொடுத்து நெம்பியதும்
புஷ் வாய் பிளந்தது.
இடப்பக்கம் மட்டும்.

ஏன் இடப்பக்கம் மட்டும் என்று அவர் கேட்கவில்லை.
நான்தான் சொன்னேன்:
தோட்டத்துச் சாலையில் தார்
ஒன்றரைக் காடி அகலம்.
எதிரே செம்பனை லோரி வந்தால்
யார் இறங்குவது?
தார் விளிம்பிலிருந்து செம்மண்ணுக்கு அரையடி.
ஒரு நாளைக்கு நாலு லோரி.
பத்தொன்பது வருடம்.
கணக்கை அந்த ரப்பர் வைத்திருந்தது.

ஊரே ஒரு காலத்தில் ரப்பர்.
இப்போது கட்டைவிரல் பருமன் ரப்பருக்கு
பட்டர்வொர்த்துக்குப் போன் போட்டு
மூன்று நாள் காத்திருக்கிறோம்.
ஹாஃப்கட் கடைக்காரன்
பழசு ஒன்று இருக்கு, ஜப்பானில் ஓடினது,
குழி பார்க்காத புஷ் என்கிறான்.
இங்கே பார்க்கும், புதுசு அனுப்பு என்றேன்.

பேசிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன்,
வலது தோளை அவரே பிசைந்துகொண்டிருந்தார்.
எத்தனை மாதமாக?
"ஒன்பது. எங்கள் கிளினிக் தைலத்தைத்தான் தடவுறேன்.
டாக்டர் வயசுன்னு சொல்றார்."
நான் டாக்டர் இல்லை.
காடி இடப்பக்கம் இழுக்கிறது,
நீங்கள் வலப்பக்கம் இழுக்கிறீர்கள்,
இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை என்றேன்.

புஷ் மாட்டி, டயர் மாற்றி,
அலைன்மெண்ட் பார்த்து அனுப்பினேன்.
வியாழக்கிழமை திரும்ப வந்தார், கோபமாக.
"இப்ப வலப்பக்கம் இழுக்குது."

பக்கத்தில் உட்கார்ந்தேன்.
நேரான சாலை, அறுபது.
கையை எடுங்கள் என்றேன்.
எடுத்தார்.
சன்னி கோடு கிழித்ததுபோல் போனது.
கை திரும்பி வந்து வளையத்தில் உட்கார்ந்ததும்
மெல்ல, மெல்ல,
நடுக்கோடு எங்கள் அடியில் வந்தது.

அவர் தன் கையைப் பார்த்தார்,
யாரோ மறந்துவிட்டுப்போன பொருளைப்போல.

தோட்டத்து வளைவில் லோரி.
குலைகள் நிறைய, அவசரமாய்.
இறங்க வேண்டாம், அவன் வேகத்தைக் குறைப்பான் என்று
நான் சொல்லி முடிப்பதற்குள்
இறங்கிவிட்டார்.
டக்.

புது புஷ்ஷுக்கு முதல் அடி.
இரண்டு பேரும் கேட்டோம்.
செம்மண்ணிலேயே நிறுத்தி
ஹார்னை அடித்தார், நீளமாக,
லோரி போய் வெகுநேரம் கழித்து.